மேல்குளத்துக்குப் போன ஐந்து மீன்கள்

பெரியவளுக்கு எங்கேயும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருப்புக்கொள்வதில்லை. காலையில் எழுந்ததும் சமையலறைக் குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடிப்பாள். குடிக்க மாட்டாள், மோந்து பார்ப்பாள். பிறகு குளியலறைக்குப் போய் அங்கேயும் ஒரு தம்ளர் பிடித்து மோந்து பார்ப்பாள். இரண்டும் ஒரே தொட்டித் தண்ணீர்தான், அது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் கணவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டியின் மூக்கையும் சோதிக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு ஒரு குறை.

"இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

"நேத்தைவிட ஜாஸ்தி."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

"நேத்தும் ஜாஸ்திதான்."

தண்ணீரில் சேற்று வாசம் அடித்தது. அந்தத் தண்ணீரைத்தான் ஊர் மொத்தமும் குடித்தது. அதைச் சோதித்து, குடிக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற வேலை பெரியவளுடையது. ஏரிக்கரையில் இருந்த சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் அவள்தான் எல்லாம். ஆகவே வீடுகளிலிருந்து வருகிற போன்களும் அவள் தலையில்தான் விழுந்தன. குளித்தால் குளிப்பதற்கு முன்னால் இருந்ததைவிட அழுக்காக இருக்கிறது என்றார் ஒருவர். குழந்தைக்குப் பால் கலக்கப் பயமாக இருக்கிறது என்று ஒரு தாய் அழுதாள். "வாசம்தான் வருதும்மா, கெடுதல் ஒண்ணும் இல்ல" என்று இவளும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கெடுதல் இல்லைதான். இன்றைக்கு இல்லை. நாளைக்கு என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பாள். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் மீன். அந்த மீனுக்குக் காரணம், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், பெரியவளேதான்.

சில வருடங்களுக்கு முன் ஏரி முழுக்க நீர்ச்செடி மண்டிப்போய், தண்ணீர் எடுக்கிற குழாயின் வாய் அடைத்துக்கொண்டது. ஆட்கள் இறங்கி அறுத்தார்கள். அறுக்க அறுக்க, தலைமுடி வெட்டிவிட்ட மாதிரி அது இன்னும் செழித்து வளர்ந்தது. மருந்தடித்துக் கொன்றுவிடலாம் என்றார் பெரிய இன்ஜினியர். குடிக்கிற தண்ணீரில் மருந்தா என்று பெரியவள்தான் பதறினாள். "புல்கெண்டை விடலாம் சார். செடியைத் தவிர வேற எதையும் தொடாது" என்றாள். எங்கோ தூரதேசத்து ஆறுகளில் பிறந்த மீன், சாது. அதிலும் குஞ்சு பொரிக்காத வகையாகப் பார்த்து வாங்கினால் பெருகிவிடுமோ என்ற பயமும் இல்லை. இன்ஜினியருக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுதான் வினை. அவள் சொன்ன கணக்கைப் போல இரண்டு மடங்கு மீனை இறக்கச் சொன்னார். கல்யாணப் பந்திக்கு ஆள் கூடினால் சமையல் சீக்கிரம் தீரும் என்கிற கணக்கு.

தீர்ந்தது. ஒரு வருடத்துக்குள் ஏரியில் செடி என்று சொல்ல ஒரு தளிர் இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து, அடியில் கிடந்த உடைந்த படகுகூடத் தெரிந்தது. இன்ஜினியர் கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வெயிலுக்கு அந்தக் கண்ணாடி பச்சையாக மாற ஆரம்பித்தது.

புல்கெண்டைக்கு வயிறு என்று ஒன்று கிடையாது. தொண்டையில் பல், அதற்குப் பின்னால் நீளமான ஒரு குடல், அவ்வளவுதான் அதன் சரீரம். அரைக்கும், தள்ளும், தின்றதில் பாதி செரிக்காமலே வெளியே வந்துவிடும். வெயில் ஏறிய நாட்களில் கிட்டத்தட்ட தன் எடை அளவுக்குத் தின்கிற மீன் அது. அப்படிக் கழித்ததெல்லாம் ஏரிக்கு உரம். செடிகள் இருந்தவரை அந்த உரத்தைச் செடிகள் எடுத்துக்கொண்டன. செடிகளைத்தான் மீன் தின்று தீர்த்துவிட்டதே! உரம் முழுக்க, பச்சைத் தூசு மாதிரி மிதக்கிற பாசிக்கு விருந்தாகப் போயிற்று. அந்தப் பாசிதான் வடிகட்டிகளை அடைத்தது. ஊர்க் குழாய்களில் சேறாக நாறியது. இலைகளின் அடியில் முட்டை ஒட்டி வைக்கும் விரல்நீளச் சிறுமீன்கள் முட்டை வைக்க இடமில்லாமல் அற்றுப்போயின. அவற்றைக் கொத்த வந்த பறவைகளும் வரவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். பூதத்தையாவது திட்டலாம், புல்கெண்டையை என்னவென்று திட்டுவது? தின்னச் சொல்லித்தானே கூட்டிவந்தார்கள்!

இந்த நேரத்தில்தான் அப்பா வந்து சேர்ந்தார்.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மூத்த மகளைப் 'பெரியவளே' என்றுதான் கூப்பிடுவார். அம்மா போன பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று பெரியவள் கையோடு கூட்டிவந்துவிட்டாள். வாழ்நாள் முழுக்கக் கத்திக் கத்திப் பிழைத்த மனிதர், மகள் வீட்டில் மாதக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. போடாத டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். போதுமா என்றால் தலையாட்டுவார். மாப்பிள்ளை எடுத்துவிட்ட ஜோக்குகள் எல்லாம் சுவரில் பட்டு விழுந்தன. இப்படியே போனால் அப்பாவும் நமக்கு இல்லை என்று பெரியவள் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மகள் மறந்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்க ஏரிக்கரைக்கு வந்தவர், கையில் இருந்த காய்கறிப் பையிலிருந்து ஒரு முட்டைக்கோஸ் இலையைக் கிழித்துத் தண்ணீரில் போட்டார். போட்ட இடம் கொதித்தது. முழங்கை நீளத்தில், வெள்ளி நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு மீன்கள் வந்தன. அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அன்றிலிருந்து தினமும் மாலையில் கடைத்தெருவில் கழித்துப் போட்ட கீரையும் இலையும் பொறுக்கி, பையை நிரப்பிக்கொண்டு கரைக்குப் போவார். கரையோரத் தடுப்புக் கம்பியில் வீட்டுச் சாவியால் 'டக் டக்' என்று தட்டுவார். தட்டி முடிப்பதற்குள் மீன்கள் வந்துவிடும். உடனே கண்டக்டருக்கு உயிர் வரும்.

"படியில நிக்காதே, உள்ள போ, உள்ள போ! முன்னாடி எவ்வளவு இடம் இருக்கு பாரு! ஏய் தடியா, நீ இப்பத்தானே ஏறினே, மறுபடியும் வாயைத் திறக்கிறே? அந்தச் சின்னதுக்கு வழி விடு!"

நடக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். 'மீன் கண்டக்டர்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தும் பேச்சு நிற்கவில்லை; எந்த மீன் முந்தியது, எது முறைத்துக்கொண்டது என்று இரவுச் சாப்பாடு முடியும்வரை ஓடும்.

"என்னை அதுங்களுக்குத் தெரியுதும்மா" என்றார் ஒருநாள். "வேற யாரோ தட்டினாங்க. ஒண்ணுகூட எட்டிப் பாக்கல. நான் தட்டினேன், ஓடி வந்துச்சு."

பெரியவளுக்குக் காரணம் தெரியும். அந்த வேறு யாரோ தட்டியது வெறும் கையோடு. ஏரியில் தின்ன ஒன்றுமே இல்லை. கரைப் புல்லின் வேரையும் உதிர்ந்த சருகையும் மென்று கிடக்கிற மீன், இலை விழும் என்றால் எமன் வீட்டு வாசலுக்கும் வரும். இது தொண்டைவரைக்கும் வந்தது. பெரியவளுக்குத் தொண்டையில் பல் இல்லை. அரைக்காமல் அப்படியே விழுங்கிவிட்டு, "ஆமாம்பா" என்றாள்.

வெயில் மறுபடி ஏறி, வடிகட்டி மூன்றில் இரண்டு அடைத்துக்கொண்ட வாரம், மீன்களை எல்லாம் பிடித்துவிடுவது என்று முடிவாயிற்று. அதை அப்பாவிடம் சொல்ல வேண்டுமே! நான்கு நாள் தள்ளிப்போட்டாள். ஐந்தாம் நாள் சாப்பாட்டின் நடுவில் எழுந்து தண்ணீர் எடுத்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து உப்பு எடுத்தாள். உப்பு ஏற்கெனவே மேசையில்தான் இருந்தது.

"சொல்லிடேன்" என்றார் கணவர்.

சொன்னாள். அப்பா கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்பா. அப்பதான் ஏரியில திரும்பச் செடி வளக்க முடியும். செடி இருந்தாதான் தண்ணி தேறும்."

"செடிக்கு எங்க போவீங்க?"

"மலையடிவாரத்துல மேல்குளம் இருக்குல்ல? அங்க மட்டும்தான் பழைய செடி அப்படியே இருக்கு. அதை எடுத்துவந்துதான் இங்க நடணும். அந்தச் சின்ன மீனுங்களும் அங்கதான் மிச்சம் இருக்கு."

"நிறையச் செடி இருக்கா?"

"அடேயப்பா, நிறைய."

அப்பா தலையாட்டினார். உருண்டையை எடுத்துச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "சரி, உன் வேலை, நீ பாரு" என்றார். இவ்வளவு லேசில் முடிந்துவிட்டதே என்று பெரியவளுக்கு அப்பாடா என்றிருந்தது. லேசில் முடிகிற காரியத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும் என்பது ஏரி அவளுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். அன்று மறந்து தொலைத்தாள்.

வலைக்காரர் தன் ஆட்களோடும் சின்ன லாரியோடும் வந்தார். செடி இல்லாத ஏரியில் வலை இழுப்பது பாய் சுருட்டுவது மாதிரிதான். படகைக் கண்டதும் தீனி என்று நினைத்து மீன்களே நெருங்கி வந்தன. அப்பா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பெரியவள் ஆய்வுக்கூடத்துக்கும் கரைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

ஆனால் அடுத்த வாரம் முழுக்க அப்பா உற்சாகமாகவே இருந்தார். மாலையில் எங்கோ போய்வந்தார். கேட்டால் நடக்கப் போனேன் என்றார். காலில் செம்மண். பெரியவளுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. மீனைப் பிடித்த பிறகும் தண்ணீர் நாறத்தான் செய்தது, செடி எடுக்க ஆள் கிடைக்கவில்லை, போன் ஓயவில்லை. ஒரு ராத்திரி தட்டைத் தள்ளிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

மகளைத் தேற்ற வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது.

"நீ ஒண்ணும் மனசு உடையாதே. உன்னால எல்லாம் போச்சுன்னு நினைக்காதே. அஞ்சு பேரைக் காப்பாத்திட்டேன்."

"எந்த அஞ்சு பேரை?"

"நம்ம மீனுங்கதான். வலைக்காரர்கிட்ட சொல்லி, பெரிய டிரம்முல தண்ணி ஊத்தி, அவரு லாரியிலேயே கொண்டுபோய் மேல்குளத்துல விட்டாச்சு. தடியன், அந்தச் சின்னது, எல்லாம் அங்கதான். செடி நிறைய இருக்குன்னு நீதானே சொன்னே! நல்லாச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கட்டும்னு, நானும் தட்டிக் கூப்பிடாம கரையில நின்னு பாத்துட்டு வந்துடுறேன்."

பெரியவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. வலைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் பெருமையாகச் சொன்னார்: "ஆமாங்க மேடம், ஐயா சொன்னாரு. மேடத்தோட அப்பா சொன்னா மேடம் சொன்ன மாதிரிதானே? டிரம் வாடகைகூட நான் வாங்கலைங்க!"

போனை வைத்தாள். பிறகு அவளுக்கு வந்த கோபம், அவள் அதுவரை யாரிடமும் காட்டியிராதது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு தெரியுதா? ஏரிதான் செத்துப்போச்சு, மிச்சம் இருந்தது அந்த ஒரு குளம்! ஊரு திரும்பத் தண்ணி குடிக்கணும்னா அந்தக் குளத்துச் செடிதான்! அதுலயும் கொண்டுபோய் விட்டுட்டு வந்து, காப்பாத்திட்டேன்னு சொல்றீங்க!"

"அஞ்சே அஞ்சுதானேம்மா..."

"அஞ்சு போதும்பா! அது கைத்துண்டு அளவு குளம்!"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். "மாமா வேணும்னா செஞ்சாரு? விடு" என்றார் மெதுவாக. அப்பா நிமிர்ந்து, "நான் விட்டதை நானே பிடிச்சுத் தர்றேன். நான் தட்டினா வரும். நீ வலையோட நில்லு, போதும்" என்றார்.

அதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அதுதான் பெரியவளை மேலும் படுத்தியது.

மறுநாள் காலை இருவரும் மேல்குளத்துக்குப் போனார்கள். லாரித் தடத்தோடு பாதை முடிந்துவிட, கடைசித் தூரம் நடை. குளம் தளும்ப நின்றது. தண்ணீருக்கு அடியில் செடி, மயில் நிறத்தில், காடாக அசைந்தது. அதனுள் சிறுமீன்கள் பொறி பறப்பது மாதிரி திரும்பித் திரும்பி ஓடின. ஒரு மூலையில் மட்டும் கடித்துத் துப்பிய தண்டுகள் மிதந்தன. எல்லாம் இளம் தண்டு. புல்கெண்டை முதலில் தளிரைத்தான் தின்னும். முற்றலுக்குப் பிறகுதான் வரும்.

இந்தக் காட்டுக்குள் வலை இழுக்க முடியாது. இழுத்தால் மீனுக்குப் பதில் செடிதான் வேரோடு வரும். தூண்டிலில் கீரை கட்டிப் பார்க்கலாம்; ஆனால் பந்தியில் உட்கார்ந்திருப்பவன் தெருவில் விற்பதை வாங்கித் தின்பானா? ஆக, அப்பா தட்டுவது ஒன்றுதான் வழி.

அவர் கரைக்கல்லில் குந்தி, சாவியால் கல்லைத் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். வாங்கி வந்திருந்த நல்ல கீரையிலிருந்து ஒரு கொத்தைத் தண்ணீரில் விட்டார். அது அப்படியே மிதந்தது.

"தூங்குது போல" என்றார். "ஏய் தடியா! வண்டி கிளம்பப் போகுது, ஏறு!"

செடிகளுக்கு நடுவில் ஒரு நிழல் அசைந்தது. முழங்கை நீளம். அவர் காலடியை ஒட்டியே வந்தது. பெரியவள் மூச்சை அடக்கிக் கைவலையைத் தாழ்த்தினாள். நிழல் ஒரு தளிரைப் பறித்து, மென்று, வாலை ஒருமுறை வீசிவிட்டு, அவசரமே இல்லாமல் உள்ளே போய்விட்டது. மிதந்த கீரையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா இன்னும் பலமாகத் தட்டினார். தன் குரல் குளத்தைச் சுற்றி எதிரொலிப்பதைக் கேட்டு அவரே நிறுத்திக்கொண்டார். மெல்ல மகளைத் திரும்பிப் பார்த்தார்.

நேற்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தபோது பெரியவள் இந்த நிமிடத்துக்காகத்தான் ஒரு வாக்கியத்தைத் தீட்டி வைத்திருந்தாள்: அதுங்க உங்களுக்காக வரலப்பா, பசிக்காக வந்துச்சு. இப்போது அந்த முகத்தைப் பார்த்ததும், அந்த வாக்கியத்தை யோசித்த தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

"புது இடம்பா. பயந்துபோய் இருக்கும். பழகினா வரும்."

"பயந்த மாதிரியா இருந்துச்சு?" என்றார் அப்பா. பிறகு, கீரைக் கொத்து மிதப்பதையே பார்த்துக்கொண்டு, "இங்க அதுக்குப் பசி இல்ல. அவ்வளவுதான்" என்றார்.

திரும்பி வந்ததும் அப்பா வீட்டுப் படியேறுகிற இடத்தில் நின்று, "ஏரியிலயும் பசிதானா? இத்தனை நாளும்?" என்று கேட்டார். பெரியவள் ஆமாம் என்று தலையசைத்தாள். "உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?" என்றார். அதற்கும் தலையசைத்தாள். மகள் கோபத்தில் கத்தியதைவிட, இது தெரிந்தும் இத்தனை மாதமும் சும்மா இருந்தாளே என்பதுதான் அவரைச் சுட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

பெரிய இன்ஜினியர் விஷயம் கேட்டதும் மதகைத் திறந்து குளத்தை வடித்துவிடச் சொன்னார். வடித்தால் மீன் அகப்படும். செடியும் சிறுமீனும் காய்ந்து சாகும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது மாதிரி. பெரியவள் கெஞ்சி அவகாசம் வாங்கினாள். மீன் ஒரு பக்கம் தின்னட்டும், நான் ஒரு பக்கம் பறிக்கிறேன் என்பதுதான் அவள் திட்டம். ஆட்களோடு தானும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் செடியை வேர்மண்ணோடு பெயர்த்து, தொட்டி தொட்டியாக ஏரிக்குக் கொண்டுவந்து, கம்பிவலை அடைப்புக்குள் நட்டாள். முதலில் நட்டதெல்லாம் அழுகிப்போயிற்று. மறுபடி போய்ப் பெயர்த்தாள். ஒவ்வொரு தடவை போகும்போதும் குளத்தின் பசுமை இன்னும் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. ராத்திரி கண்ணை மூடினால், ஐந்து வாய்கள் நிறுத்தாமல் மெல்லுகிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும்.

அப்பா தினமும் மாலையில் கீரையோடு மேல்குளத்துக்குப் போனார். வேண்டாம்பா என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "என்னிக்குப் பசி வருதோ அன்னிக்கு வரும். வரும்போது நான் அங்க இருக்கணும்ல?" என்றார். அதில் ஒரு கொடுமை இருந்தது. இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மீன் அவர் கைக்கு வந்தால் குளம் முடிந்தது என்று அர்த்தம்.

ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கும் வரல" என்பார். நல்ல சேதி சொல்கிற குரல். கேட்டதும் பெரியவளுக்கும் சோறு இறங்கும். "நான் பாத்த மனுஷங்கள்லயே, தொண்டை கிழியக் கூப்பிட்டுட்டு, வரக்கூடாதுன்னு வேண்டிக்கிற ஒரே ஆள் மாமாதான்" என்றார் கணவர். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதற்குள் ஏரியில், கம்பிவலைக்குள், மூன்றாம் தடவை நட்டதில் ஒரு மூலை மட்டும் பிடித்துக்கொண்டது. செடியோடு ஒட்டிவந்த முட்டைகளிலிருந்து கண்ணும் வாலுமாகச் சில குஞ்சுகள் வெளிவந்திருந்தன. ஏரியின் அகலத்துக்கு அது ஒரு பொட்டு. இருந்தாலும் பெரியவள் அதைப் பார்க்க ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கரைக்கு ஓடினாள். மேல்குளத்திலிருந்து இன்னும் இரண்டு நடை செடி வந்தால் போதும், இந்த மூலை நிலைத்துவிடும் என்று நம்பினாள்.

ஆய்வுக்கூடத்தில் குடுவையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தபோது போன் அடித்தது. அப்பா.

"வந்துடுச்சும்மா" என்றார். அந்தப் பக்கம் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

கைவலையும் பனிக்கட்டிப் பெட்டியுமாக அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பா கரைக்கல்லில் குந்தியிருந்தார். குளம் பச்சைக் குழம்பாக இருந்தது. காடு நின்ற இடத்தில் மழித்துவிட்ட மாதிரி வெறும் சேறு. ஓரத்தில் சில முற்றிய தண்டுகள், அவற்றிலும் கடித்த தடம். திரும்பித் திரும்பி ஓடிய சிறுமீன்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இரண்டு நடை செடிக்கு இங்கே இனி வழியில்லை என்று அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்தது.

அப்பாவின் கை தண்ணீருக்குள் இருந்தது. விரல்களைச் சுற்றி ஐந்தும் நின்றன. ஒன்று அவர் உள்ளங்கையிலிருந்தே இலையை இழுத்தது.

"சத்தம் போடாம வா" என்றார். "வலையை என்கிட்ட கொடு."

"நான் பண்றேன்பா."

"கொடு."

இடக்கையால் கீரையை நீட்டிக்கொண்டே வலக்கையால் வலையை அடியில் விட்டுத் தூக்கினார். தண்ணீர் இருவர் முகத்திலும் அடித்தது. மீன் துள்ளித் துடித்துப் பெட்டிக்குள் விழ, பெரியவள் மூடியை அழுத்திப் பிடித்தாள். போயிற்று, மற்ற நான்கும் மிரண்டு ஓடியிருக்கும், இனி எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமோ என்று நினைத்துத் திரும்பினாள்.

அலை அடங்குவதற்குள் அடுத்தது அவர் கைக்கு வந்திருந்தது.

அதையும் தூக்கினார். மூன்றாவது, தூக்கிய வலையின் ஓரத்தில் ஒட்டியிருந்த இலைத்துணுக்கைக் கவ்வ எம்பியது. நான்காவதைத் தூக்கும்போது பெரியவளும் வலையின் பிடியைத் தாங்கிக்கொண்டாள். கடைசி மீன், யாரும் போட்டிக்கு இல்லாத தண்ணீரில், நிதானமாக அவர் விரலைத் தடவித் தின்றுகொண்டிருந்தது. அதைத் தின்று முடிக்கவிட்டுத்தான் தூக்கினார்.

பெட்டிக்குள் தட்டுகிற சத்தம் சிறிது நேரம் கேட்டு, பிறகு நின்றது. அப்பா கரைக்கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேட்டி முட்டிவரை நனைந்திருந்தது.

"பக்கத்துல இருந்ததைத் தூக்கினதைப் பாத்துச்சுல்ல?" என்றார். "ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, கண்ணு முன்னாடி. அப்புறமும் எதுக்கு என்கிட்ட வரணும்? ஒண்ணாவது ஓடியிருக்கலாம்ல, பெரியவளே?"

அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பையின் அடியில் இன்னும் ஒரு பிடி கீரை மிச்சம் இருந்தது. அதைத் தண்ணீரில் போடுவதா, வீட்டுக்கு எடுத்துப்போவதா என்று தெரியாமல், அப்பா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.